புதைந்த கல்

கல்லணை என்று பேச்செடுத்தால் நம்மவர் குரல் தானாகவே ஒரு படி உயரும். கரிகாலன் கட்டியது இரண்டாயிரம் ஆண்டாக அப்படியே நிற்கிறது என்போம். அந்த 'அப்படியே'தான் இடறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அணையின் உயரத்தைக் கூட்டினார்கள்; மணல் வெளியேற வழி வைத்தார்கள்; மேலே பாலமும் மதகுகளும் வந்தன. பழைய கல் அடியில் கிடக்கிறது. அதன்மேல் யாராவது கை வைத்துக்கொண்டே இருந்ததால்தான் அணை நிற்கிறது.

அப்படியென்றால், கை வைக்காதவருக்கு அந்தப் பெருமையில் பங்கு உண்டா? பாட்டன் சொத்தில் பேரனுக்கு உரிமை இருக்கலாம். பாட்டன் உழைப்பில்?

1830களில் தஞ்சை வயல்கள் நீரில்லாமல் தவித்தன. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அதன் படுகை தாழ்வானது, போக்கும் நேரானது. தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் பாய, காவிரி மேடிட்டது. கொள்ளிடத்தின் தலைப்பில் ஓர் அணை போட்டால் தீரும் என்பது கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர் ஆர்தர் காட்டனின் யோசனை. ஆனால் அடி தெரியாத மணலில் அஸ்திவாரம் நிற்குமா? ஸ்ரீரங்கம் தீவின் கீழ்முனையிலேயே அதற்கு விடை இருந்தது. கல்லணையைக் கட்டியவர்கள் பாறையைத் தேடித் தோண்டவில்லை. மணல்மேல் பெருங்கற்களைப் போட்டார்கள். கல் புதைந்தது. அதன்மேல் இன்னொன்று போட்டார்கள். புதைவது நிற்கும்வரை போட்டு, களிமண்ணால் இணைத்தார்கள்.

1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில், முக்கொம்பில், மேலணை வேலை தொடங்கியது. பின்னர் 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் கோதாவரியின் குறுக்கே அணை எழுந்தது. மணலில் அடித்தளமிடும் வித்தையை அந்தப் பழைய மனிதர்களிடம்தான் கற்றோம் என்று காட்டன் எழுதியே வைத்தார். அவர்கள் கட்டியதைப் பழுதுபார்க்கக்கூட முன்வராத தன் ஆட்சியையும் சாடினார். கம்பெனிக்கு நீர் என்றால் நிலவரி என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் கல்லணைக்குச் செலுத்த வேண்டிய கடனை, இரத்த உறவே இல்லாத ஒருவர் வேலையாகச் செலுத்தினார். வாரிசுகள் நாம் பேச்சாகச் செலுத்துகிறோம்.

இது கொஞ்சம் கடுமைதான். தாழ்த்தப்பட்டுக் கிடந்த மக்களுக்குப் பழம்பெருமை முதுகெலும்பாக இருந்திருக்கிறது. நிமிர்ந்து நிற்கவே அது தேவைப்பட்ட காலம் உண்டு. அதைக் கேலி செய்வது அறமாகாது. நிமிர்ந்த பிறகும் நின்ற இடத்திலேயே நிற்பதுதான் உறுத்துகிறது.

'அவர்களைப் போல நம்மால் ஆகுமா' என்ற தயக்கமும் இந்தப் பழம்பெருமையின் மறுபக்கமே. முடிந்த அணையைப் பார்ப்பவருக்கு அது மாமேதைகளின் காரியமாகத் தெரியும். முதல் கல் ஆற்றுக்குள் மறைந்ததைப் பார்த்து நின்றவர்களை யாரும் நினைப்பதில்லை. நாலு பேர் சிரித்திருப்பார்கள். தோல்வி என்று வீட்டுக்குப் போயிருந்தால் அது வெறும் காணாமற்போன கல். அடுத்ததைப் போட்டதால் அஸ்திவாரம். மனத்தில் ஒரு யோசனையை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு மருகுபவர் கல்லணையில் பார்க்க வேண்டியது, வெளியே தெரியாத அந்தக் கல்லைத்தான்.

2018 ஆகஸ்டில், மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது இடிந்து வெள்ளத்தில் போயின. கல்லணை இன்னும் நிற்கிறது பார் என்று அப்போதும் மார்தட்டியவர்கள் உண்டு. முக்கொம்பில், உடைந்த இடத்தில், தொழிலாளர்கள் மணல்மூட்டைகளையும் பாறாங்கற்களையும் ஆற்றுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.