விரல் எதைத் தொட வேண்டும்?

பழையது என்பதற்காக ஒன்றைப் போற்றுவது மூடத்தனம் என்று நாம் சொல்லி வருகிறோம். புதியது என்பதற்காக ஒன்றைப் போற்றுவதும் அதே மூடத்தனத்தின் மறுபதிப்புத்தானே! கும்பிடும் பொருள் மாறிவிட்டது. கும்பிடும் குணம் மாறவில்லை. மழலையர் வகுப்பறைக்குள் தொடுதிரை நுழைந்திருக்கும் இந்நாளில் இதை எண்ணிப் பார்ப்பது நம் கடன்.

2010 இல் ஐபேட் கடைக்கு வந்தது. அதன்பின், எழுதுகோல் பிடிக்கத் தெரியாத மூன்று வயதுப் பிஞ்சு விரலும் படத்தைத் தள்ளவும் திரையைத் திருப்பவும் கற்றுவிட்டது. இது நன்றா, தீதா? மழலையர் ஆசிரியைகளிடையே இரு கருத்துகள் உலவுகின்றன.

வரவேற்போர் சொல்வதைக் கேட்போம். வாய் திறக்கக் கூசும் குழந்தை, திரையில் எழுத்து ஒலிக்கும்போது கூடவே ஒலிக்கிறது. கை வலுவற்ற குழந்தை, மெல்லத் தொட்டாலே வண்ணம் தீட்ட முடிகிறது. பேச்சு வராத குழந்தைக்குப் படத்தைத் தொட்டுப் பசியைச் சொல்ல வழி பிறக்கிறது. மேலும் கேட்கிறார்கள்: "மருத்துவர் வீட்டு மகனுக்குக் கிடைக்கும் கருவி, மண்வெட்டி பிடிப்பவர் மகளுக்கு மட்டும் ஏன் கூடாது?" நெஞ்சைத் தொடும் கேள்வி! தட்டிக் கழிப்பது அறமாகாது.

மறுப்போரும் வெறும் பழமைவாதிகள் அல்லர். களிமண்ணைப் பிசையாத கை எப்படி வலுப்பெறும்? குவளையிலிருந்து நீரை ஊற்றிச் சிந்தி, மீண்டும் ஊற்றிப் பழகாத கை எப்படி அளவறியும்? பக்கத்தில் இருக்கும் தோழியை மறந்து திரையிலேயே மூழ்கும் கண், முகத்தைப் படிக்க என்று கற்கும்? இவை அவர்கள் கேள்விகள்.

தொட்டறிதலின் பெருமையை அறிஞர் உலகம் நெடுநாளாக அறியும். 1837 இல் செருமனியில் மழலையர் கல்விக்கு வித்திட்ட ஃபிரோபெல், பிள்ளைகள் கையில் கம்பளிப் பந்தையும் மரக்கட்டைகளையும் தந்தார். 1907 இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழக வைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளிலும் எழுத்து மணலில் பிறந்தது. மணல் விரலை எதிர்த்தது. எதிர்த்ததாலேயே எழுத்து நெஞ்சில் பதிந்தது.

கண்ணாடித் திரையிலோ பாறையும் பஞ்சும் ஒன்று. நெருப்பும் பனியும் ஒன்று. விரலின் மின்கடத்தும் தன்மையால் கருவி விரலை அறிந்துகொள்கிறது. குழந்தையின் விரலோ வழவழப்பைத் தவிர வேறெதையும் அறிவதில்லை!

ஆனால் அந்தத் திண்ணையையும் நாம் புகழ்ந்து நிற்பதற்கில்லை. எத்தனை எத்தனை பிள்ளைகள் அதன் மணலைத் தொடவும் விடப்படவில்லை! 'தொடாதே' என்னும் ஒரு சொல்லால் மனிதரைப் பிளந்த நாடு இது. 1950 இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அந்தச் சட்டத்தை ஏட்டிலிருந்து இறக்கி உள்ளங்கையில் வைக்கும் இடம் மழலையர் பள்ளி. எல்லாத் தெருப் பிள்ளைகளும் கைகோத்து வட்டமாய் ஆடும்போது, எந்தச் சொற்பொழிவும் இல்லாமலே சமத்துவம் அவர்களுக்குள் புகுகிறது. ஆளுக்கொரு திரையைக் கொடுத்து அமர்த்திவிட்டால், அந்தக் கை எந்தக் கையைப் பற்றும்?

உலகமும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டலாகாது, குறைந்தால் இன்னும் நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. மழலையர் பள்ளியில் மின்னணுக் கருவியைக் கட்டாயமாக்கிய சுவீடன், அக்கட்டாயத்தைக் கைவிடப்போவதாக 2023 இல் அறிவித்தது. செல்வ நாடு செலவிட்டுக் கற்ற பாடம் இது!

அப்படியானால் திரையை உடைத்தெறியச் சொல்கிறோமா? இல்லை. பேச இயலாத பிள்ளைக்கு அது வாய். அதைப் பறிப்பது கொடுமை. நாம் அஞ்சுவது திரையைக் கண்டன்று. திரையைக் காட்டி ஆசிரியையை மறைக்கும் கணக்கைக் கண்டு. 1975 இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் நடக்கும் அங்கன்வாடிகளில், எடை பார்ப்பது, ஏடு எழுதுவது, சத்துணவு வழங்குவது, பாட்டுச் சொல்லித் தருவது எல்லாம் ஓரிருவர் தலையில் விழுகின்றன. அங்கே இன்னொரு கை வேண்டும் என்று கேட்டால், "இதோ திரை" என்று நீட்டுவது நியாயமா? செல்வர் பிள்ளைக்கு ஆசிரியையும் திரையும்; ஏழைப் பிள்ளைக்கு ஆசிரியைக்குப் பதிலாகத் திரை! இதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டினால் அந்தச் சொல்லே நாணும்.

கருவியை வாங்குமுன், வகுப்பில் நிற்பவளைக் கேளுங்கள். எந்தப் பிள்ளைக்கு, எவ்வளவு நேரம், எதற்காக என்பதை அவள் முடிவு செய்யட்டும். திரை அவள் கையில் கருவியாக இருக்கட்டும். அவள் இடத்தில் அமர வேண்டா. விழுந்த பிள்ளையின் கண்ணீரைத் துடைக்க, எந்தக் கண்ணாடிக்கும் கை முளைக்கவில்லை.