ஃபிரிட்ஜின் வியர்வையும் சற்காரிய வாதமும்

மழைக்காலம் வந்தால் கடலோர ஊர்ச் சமையலறைகளில் ஃபிரிட்ஜ் வியர்க்கும். கதவோரத்தில் முத்து முத்தாக நீர் கோக்கும். பின்சுவரில் கறுப்புப் பூசணம் பூக்கும். மிக்ஸி வைத்த மேடையில் ஈரம் காயாமல் நிற்கும். வீட்டில் எழும் முதல் தீர்ப்பு, 'மெஷின் ஒழுகுகிறது' என்பதுதான். அவசரமான இந்தத் தீர்ப்புக்கு அடியில் இந்தியத் தத்துவத்தின் மிகப் பழைய வழக்கு ஒன்று கிடக்கிறது. சற்று முன்பு இல்லாத ஒன்று இப்போது இருக்கிறதே, அது புதிதாகப் பிறந்ததா, முன்பே இருந்து வெளிப்பட்டதா? முன்பே இருந்தது என்பது சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொள்ளும் சற்காரிய வாதம். காரியம் தோன்றுவதற்கு முன் அது இல்லை, புதிதாகவே தொடங்குகிறது என்பது நியாய வைசேடிகரின் அசற்காரிய வாதம். சமையலறை ஈரத்தை ஆராய்ந்தால் முதல் கட்சியே வலுவானது என்பது என் முடிவு. ஆனால் ஒரு திருத்தத்தோடுதான் அதை ஏற்க முடியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் ஏறத்தாழ 24 கிராம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தால் அந்த 24 கிராமே அதன் உச்ச அளவாகிவிடும். அதற்கும் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் மிச்சம் நீராகப் படியும். ஆகவே கதவு ரப்பர் தளர்ந்து குளிர் கசிந்து, ஃபிரிட்ஜின் வெளித்தகடு நாலைந்து டிகிரி குறைந்தாலே வியர்வை தொடங்கிவிடும். உள்ளறையின் 4 டிகிரிக் குளிரிலோ காற்று 6 கிராமுக்குச் சற்று அதிகம்தான் தாங்கும். 250 லிட்டர் ஃபிரிட்ஜைத் திறந்து உள்காற்று முழுவதும் மாறினால், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் நீர் உள்ளே படியும். இதில் ஒரு சொட்டைக்கூட இயந்திரம் உண்டாக்கவில்லை. அறையில் சூக்குமமாக இருந்தது தகட்டில் தூலமாயிற்று.

அசற்காரியம் பேசும் நையாயிகர் இங்கே சும்மா இருக்கமாட்டார். 'நீர் முன்பே இருந்தது என்றால், அந்தக் காற்றை மொண்டு தாகம் தீர்க்க முடியவில்லையே, ஏன்? வெளிப்பட்டது என்கிறீர், அந்த வெளிப்பாடு முன்பே இருந்ததா, புதியதா? இருந்தது என்றால் ஃபிரிட்ஜ் எதற்கு? புதியது என்றால் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டீர்.' இது கூர்மையான கேள்வி. பயன் வேறுபடுவது நிலையின் வேறுபாட்டால், பொருள் வேறுபட்டதால் அல்ல என்பது முதல் பாதிக்குப் போதுமான விடை. இரண்டாம் பாதியில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். துளி என்ற நிலை புதியதுதான். ஆனால் நிலை தனித்து நிற்கும் பொருளன்று. முன்பே இருந்த ஒன்றையே பற்றி நிற்பது. பொருளில் சற்காரியம், நிலையில் புதுமை என்பதே நான் சொன்ன திருத்தம்.

இந்தத் திருத்தத்துக்கு உண்மையான சோதனை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே எரிகிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் சற்று அதிகமான நீராவி பிறக்கும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் சுமார் 22 லிட்டர் நீர் அறைக் காற்றில் கலந்துவிடுகிறது. இந்த நீர் எங்கே ஒளிந்திருந்தது? சிலிண்டருக்குள் ஒரு குவளை நீர்கூட இல்லை. நையாயிகருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் நீர் தனிமம் அல்ல, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடியது என்பதை லவாய்சியே 1783-ல் நிறுவிய பிறகு கேள்வியின் இடம் மாறிவிட்டது. வாயுவின் ஹைட்ரஜனும் காற்றின் ஆக்சிஜனும் முன்பே இருந்தன. எடையில் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீர் நீராகவே இருந்தது என்று பிடிவாதம் பிடிக்கும் சற்காரியம் இங்கே தோற்கும். நீராகக்கூடிய பொருள் இருந்தது என்று சொல்லும் சற்காரியம் நிற்கும்.

இந்த இடத்தில் இரண்டு ஆசைகளை அடக்க வேண்டியிருக்கிறது. தீயிலிருந்து நீர் தோன்றியது என்று தைத்திரீய உபநிடதம் சொல்வதைக் காட்டி, அடுப்பின் ரசாயனம் முன்னோருக்குத் தெரியும் என்று மார்தட்டுவது ஒன்று. அங்கே பேசப்படுவது படைப்பின் வரிசை, எரிதலின் விளைவன்று. மற்றொன்று, இந்தத் துளியைக் கொண்டு கடவுளை நிறுவுவது. சடப்பொருள் தானாக இயங்காது, அதை இயக்க ஒரு நிமித்த காரணர் வேண்டும் என்று சித்தாந்தம் வாதிடும். ஆனால் புல்லின் மேல் பனி யாரும் நினைக்காமலே படிகிறது என்று சாங்கியர் சுட்டலாம். இயற்கை விதிக்குப் பின்னால் ஒருவர் உண்டா என்ற கேள்வியை ஃபிரிட்ஜின் வியர்வை தீர்த்து வைக்காது.

கடைசியாக ஓர் ஆட்சேபம், இது அறம் சார்ந்தது. எல்லாம் முன்பே இருந்து வெளிப்படுவதுதான் என்றால் யாருக்கும் பொறுப்பில்லையே? சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுப்பது இங்கேதான் உதவுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். ஈரத்துக்குக் காற்றின் நீராவி முதற்காரணம். குளிர்ந்த தகடு துணைக்காரணம். ஜன்னலைச் சாத்திவிட்டு மூன்று அடுப்பையும் எரியவிட்டு, ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்கும் மனிதர் நிமித்த காரணம். கடற்காற்றை நாம் ஆள முடியாது. ரப்பரை மாற்றலாம், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடலாம், ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கலாம். எது நம் கையில் இல்லை, எது இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதால் சற்காரியம் பொறுப்பைக் கரைப்பதில்லை. அதற்கு முகவரி தருகிறது. காரியம் தெரிகிற இடத்திலேயே குற்றத்தையும் சுமத்துவது மனிதரின் பழைய பழக்கம். வீட்டில் யார் முகத்தில் கோபம் தெரிகிறதோ அவரே சண்டைக்குக் காரணம் என்கிறோம். எந்தத் தெருவில் வன்முறை வெடிக்கிறதோ அந்தத் தெருவே கெட்டது என்கிறோம். அந்த இடம் பல வேளைகளில் குளிர்ந்த தகடு மட்டுமே. அதைத் துடைக்கத்தான் வேண்டும்; துடைத்ததோடு விசாரணை முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் பிழை.