யாருக்கான உடம்பு?

எடையைக் குறைக்க ஒரு பெண் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் அதை நோய் என்று சொல்லி ஊர் சமாதானமாகிவிடுகிறது. சில ஆண்டுகளில் எடை இறங்குவது நின்று, போனதில் கொஞ்சம் திரும்பியும் வந்து, இன்னொரு முறை செய்துகொள்ளலாமா என்று அவள் யோசிக்கத் தொடங்கினால் அதே விஷயம் ஒழுக்கப் பிரச்சினையாகிவிடுகிறது. முதல் முறை "பாவம்" என்றவர்கள் இரண்டாம் முறை "பேராசை" என்கிறார்கள். பெண்ணியம் பேசும் தோழிகளும் கேட்கிறார்கள், வேறு சொற்களில்: "உன் உடம்பை உள்ளபடி ஏற்றுக்கொள்ள இன்னுமா தைரியம் வரவில்லை?" இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 160 சென்டிமீட்டர். 41 வயதில் அறுவை சிகிச்சைக்குப் படுத்தபோது 112 கிலோ. பதினான்கு மாதங்களில் 81. அதன் பிறகு முள் நகரவில்லை. ஒன்றரை வருடம் அங்கேயே நின்று, பின் மெல்ல ஏறி இப்போது 89. முதல் வருடம் மாத்திரையே தேவைப்படாமல் இருந்த சர்க்கரை திரும்பிவிட்டது. இரவில் படுத்தால் புளிப்பு நெஞ்சுவரை ஏறுகிறது. இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிக் குழாய்போல் ஆக்கிய ஸ்லீவ் சிகிச்சையை இப்போது பைபாஸாக மாற்றலாம் என்கிறார் மருத்துவர். பைபாஸ் என்றால் எங்கள் நெரவியில் இதயம்தான். அம்மா அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார், நானும் மறுக்கவில்லை. அடைப்பு இதயத்தில் என்றால் மரியாதை. இரைப்பை என்றால் சிரிப்பு.

சித்தியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "ஏண்டி, ஒருதரம் அறுத்துக்கிட்டது பத்தாதா? வாயக் கட்டுனா போதுமே" என்றார். வாயைக் கட்டு என்பது நம் மொழியில் பெண்ணுக்கு மட்டுமே முழுதாகப் பொருந்தும் சொல். தின்கிற வாயையும் பேசுகிற வாயையும் ஒரே கயிற்றால் கட்டச் சொல்கிறது. வாயாடி, வாய் நீளம், வாய் அடங்காதவள் என்று பெண்ணைப் பழிக்கும் சொற்கள் எல்லாம் அந்த உறுப்பைச் சுற்றியே இருக்கின்றன. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தேன் என்று தாய் சொல்லும்போது அது தியாகம். அந்தத் தாய்க்கு அதே பழமொழியின் இரண்டாம் பாதியை ஒரு மருத்துவர் கருவிகளோடு செய்துகாட்டினால் அது சோம்பேறித்தனம். பிறருக்காகக் கட்டிய வயிறு புனிதம், தனக்காகக் கட்டிக்கொண்டது குறுக்குவழி.

வாயைக் கட்டினால் போதுமா என்பது உண்மையில் உடலியல் கேள்வி. ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டியெடுக்கப்படும் மேல்பகுதியில்தான். அதனால் முதல் மாதங்களில் பசியே தெரிவதில்லை. ஆனால் உடம்புக்கு நம் திட்டம் தெரியாது. எடை வேகமாகக் குறைவதை அது பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. செலவைச் சுருக்குகிறது, நிறைவை உணர்த்தும் லெப்டினைக் குறைக்கிறது. அமெரிக்காவில் எடை குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து, கெவின் ஹால் குழுவினர் 2016இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். அவர்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அல்லர், உணவாலும் உடற்பயிற்சியாலும் இளைத்தவர்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. அப்படித் திரும்பிய பிறகும், சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவிடும் சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. அந்த அளவுக்கு, ஒவ்வொரு நாளும், என்றென்றைக்கும் குறைத்துச் சாப்பிட்டால்தான் நின்ற இடத்திலாவது நிற்கலாம் என்று பொருள். இதை மன உறுதியின்மை என்று அழைப்பது நியாயமா?

நம் இலக்கியத்துக்கு இது புதிதல்ல. மணிமேகலையில் காயசண்டிகை எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்ற பசியோடு பன்னிரண்டு ஆண்டுகள் அலைகிறாள். சாபத்தால் வந்தது என்று காரணம் சொன்னாலும் சாத்தனார் அதை நோயாகவே வைக்கிறார். அவளை யாரும் வாயைக் கட்டச் சொல்வதில்லை. மணிமேகலை அவளைத் திருத்த முயல்வதில்லை, அமுதசுரபியிலிருந்து சோறு இடுகிறாள். பசிக்குப் பிணி என்று பெயர் வைத்த மொழியில் பிறந்தும், பெண்ணின் பசியை மட்டும் குணக்கேடு என்று படிக்க எப்போது கற்றுக்கொண்டோம்?

அடுத்து அளவுகோல். உடல்நிறைக் குறியீடு என்று இன்று எல்லா மருத்துவமனைகளும் பயன்படுத்தும் கணக்கு, 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்தலே "சராசரி மனிதனை"த் தேடியபோது பிறந்தது. அவர் வானியலாளர், புள்ளியியலாளர், மருத்துவர் அல்லர். 1972இல் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியபோது ஆராய்ந்த ஆயிரக்கணக்கானவர்களும் ஆண்கள். அந்த அளவுகோல்தான் எனக்குக் கத்தி கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி குறியீடு 40, அல்லது கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடும் நோயோடு 35 இருந்தால்தான் காப்பீடு உண்டு. எனக்கு இப்போது 34.8. இன்னும் 600 கிராம் ஏறினால் எண் 35ஐத் தொட்டுவிடும். எடையைக் குறைக்கும் சிகிச்சைக்காக எடையை ஏற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் நிற்கிறேன். இத்தனைக்கும் ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருவதால் வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று உலகச் சிகிச்சையாளர் அமைப்புகள் 2022இல் பரிந்துரைத்துவிட்டன.

இது என் ஒருத்தியின் கதையும் அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் பெண்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள், தமிழ்நாட்டில் 40. அதே பெண்களில் பெரும்பங்கினர் இரத்தசோகையும் உடையவர்கள். கொழுத்தும் சோர்ந்தும் இருக்கும் உடம்பு எங்கிருந்து வருகிறது என்று எங்கள் டெல்டா அடுக்களைகளைப் பார்த்தால் தெரியும். பருப்பும் மீனும் முதலில் உட்கார்ந்தவர்களுக்கு. கடைசியில் உட்காருபவளுக்குக் குழம்பின் அடியும் நிறையச் சோறும். மீந்ததைக் கொட்ட மனம் வராமல் அதுவும் அவள் வயிற்றுக்கே.

இப்போது தோழிகளின் கேள்விக்கு வருகிறேன். மெலிய வேண்டும் என்ற ஆசை என்னுடையதா, என்னைப் பார்க்கும் கண்களுடையதா? இந்தக் கேள்வியை நெரவிக்காரியான நான் காரைக்கால் அம்மையாரைத் தாண்டி யோசிக்க முடியாது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிட்சாடனர் உலா வரும்போது வீசப்படும் மாம்பழத்துக்குக் கை நீட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். கணவன் பரமதத்தன் அவளைத் தெய்வம் என்று அஞ்சி, வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளோடு வந்து காலில் விழுகிறான். அப்போது புனிதவதி இறைவனிடம் கேட்பது இது: இவனுக்காகச் சுமந்த தசை எனக்கு வேண்டாம், பேய் உருவம் தா. கேட்டபடி சதையை உதறி எலும்பானாள் என்கிறார் சேக்கிழார். சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் வற்றிய மார்போடு, கையில் தாளத்தோடு அமர்ந்து அவள் சிரிக்கிறாள். ஆணின் பார்வைக்கு வெளியே போக அவள் சதையைக் களைந்தாள். இன்றைய விளம்பரங்கள் அந்தப் பார்வைக்கு உள்ளே வரச் சதையைக் களையச் சொல்கின்றன. செயல் ஒன்று, திசை வேறு. ஆகவே சதையைக் களைவதிலேயே அடிமைத்தனமும் இல்லை, விடுதலையும் இல்லை. யாருக்காகச் சுமந்தேன், யாருக்காக இறக்குகிறேன் என்பதே கேள்வி.

ஆனால் அவளுக்குக் கிடைத்த தெளிவு நமக்குக் கிடைப்பதில்லை. என் காரணங்களைப் பிரித்து எழுதிப் பார்த்தேன். சர்க்கரை, நெஞ்செரிச்சல், வகுப்பு நடக்கும் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது வலிக்கும் முழங்கால். அவற்றோடு, 81 கிலோவில் தைத்த ரவிக்கைகள், புத்தக அட்டைக்கு எடுத்த புகைப்படம், கவியரங்க மேடையில் மைக்கைப் பிடிக்கும் கையின் பருமன். பின்னவை தூய்மையற்றவை என்று கழித்துவிட்டால் நான் நல்ல பெண்ணியவாதியாகிவிடுவேனா? ஆண்களின் ஆசைகள் இப்படிச் சலித்துப் பார்க்கப்படுவதில்லை. முட்டி மாற்றிக்கொள்ளும் பெரியவரிடம் "நடக்கத்தானா, மிடுக்காகத் தெரியவா?" என்று யாரும் கேட்பதில்லை. கலப்படமற்ற ஆசை இருந்தால்தான் முடிவெடுக்கும் உரிமை என்றால் இந்தச் சமூகத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் எந்த உரிமையும் மிஞ்சாது. உன்னை ஏற்றுக்கொள் என்பது ஆறுதலாக இருக்கும்வரை நல்லது. கட்டளையானால் அதுவும் இன்னொரு மாமியார்தான்.

அதற்காக எல்லா ஆசைக்கும் கத்தி எடுக்கலாம் என்று சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து இறந்தார். தமிழ்நாடு அரசு விசாரணை நடத்தியது, மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. "சும்மா இருந்திருக்கலாம்" என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் சொன்னார்கள். பருமனானவர் சும்மா இருந்தாலும் குற்றம், முயன்று செத்தாலும் குற்றம். 2017இல் எகிப்திலிருந்து மும்பைக்குக் கொண்டுவரப்பட்ட இமான் அகமதுவை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 500 கிலோ என்று சொல்லப்பட்டவர். அறுவை சிகிச்சைக்குப் பின் எத்தனை கிலோ குறைந்தது என்பதில் மருத்துவமனையும் அவர் தங்கையும் ஊடகங்களின் முன் மோதிக்கொண்டார்கள். பின்னர் அபுதாபிக்கு மாற்றப்பட்டு அந்தச் செப்டம்பரிலேயே இறந்தார். உலகம் அவர் எடையை அறிந்தது. அவர் என்ன விரும்பினார் என்பது செய்திகளில் அரிதாகவே வந்தது.

இரண்டாம் முறை முதல் முறையைவிடக் கடினமானது. உள்ளே பழைய தழும்பு இருக்கிறது, சிக்கல் வாய்ப்பு அதிகம், குறையும் எடை பெரும்பாலும் முதல் முறையைவிடக் குறைவு. பைபாஸ் செய்தால் இரும்பு, கால்சியம், பி12 என்று வாழ்நாள் முழுவதும் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. 2025இல் இந்தியாவுக்கு வந்த வாராந்திர ஊசிகளும் ஒரு வழி. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது, மாதச் செலவும் ஆயிரக்கணக்கில்.

ஆகவே நான் கேட்க வேண்டியவை மூன்று என்று தோன்றுகிறது. முதலாவது, எடை தவிர வேறு என்ன சரியாகும்? என் விஷயத்தில் இதற்குப் பதில் உண்டு. ஸ்லீவுக்குப் பின் வரும் அமில ஏற்றத்துக்கு பைபாஸ் அறியப்பட்ட தீர்வு, சர்க்கரைக்கும் உதவக்கூடியது. வெறும் எண் மட்டும் பதிலாக இருந்திருந்தால் எழுந்து வந்துவிடுவேன். இரண்டாவது, "தோல்வி" என்ற சொல்லை யார் மேல் எழுதுகிறார்கள்? கோப்பில் நோயாளி தவறிவிட்டார் என்று எழுதும் மருத்துவரிடம் மறுபடி படுக்கக் கூடாது. அது சிகிச்சையாக இல்லாமல் தண்டனையாகிவிடும். மூன்றாவது, அதற்குப் பிறகான வாழ்க்கையைத் தாங்கும் வீடு இருக்கிறதா? கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஆறு வேளை, புரதத்தை முதலில், மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் ஒரு பெண் ஆறு முறை தட்டோடு உட்கார்ந்தால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் முன் மீனை எடுத்துக்கொள்ளும் பெண்ணை நம் வீடுகள் இன்னும் கற்பனை செய்யவில்லை. முதல் முறை எனக்குச் சொல்லப்பட்ட உணவு அட்டவணையில் எல்லாம் இருந்தது, அதைச் சமைப்பவர் யார் என்பது மட்டும் இல்லை.

அடுத்த மாதம் எண்டோஸ்கோபி. உணவுக்குழாயில் புண் இருந்தால் சம்மதிப்பேன், இல்லையென்றால் காத்திருப்பேன். எப்படி முடிந்தாலும் இந்த முறை வெற்றியை அளக்கும் கோல் என்னுடையதாக இருக்கும்: இரவில் தலையணையை அடுக்காமல் தூங்க முடிகிறதா, இரண்டாம் மாடியில் மூச்சிரைக்காமல் பாடத்தைத் தொடங்க முடிகிறதா, வீட்டில் சாப்பாட்டுக்கு முதல் ஆளாக உட்கார முடிகிறதா. கடைசியில் சொன்னதற்குக் கத்தி வேண்டியதில்லை. நேற்றே தொடங்கிவிட்டேன். சித்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.