தோமையார் மலைக் கல்



இன்று ஜூலை 3, புனித தோமையார் பெருவிழா. இந்தப் பரங்கிமலைக்குப் படியேறி வந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் பாறையைக் கவனித்தீர்களா? எண்ணெய் தடவினதுபோல ஒரு மினுமினுப்பு. கருமைக்குள் கொஞ்சம் பச்சையும் நீலமும். போன மாதம் மறைக்கல்விப் பிள்ளைகளைக் கூட்டிவந்தபோது ஒரு சிறுமி அதில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "ஃபாதர், இது எப்பவும் இப்படியேதான் இருந்துச்சா?" என்றாள். பாறை என்றாலே மாறாதது என்று மறையுரை சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அன்றிரவு புத்தகத்தைப் புரட்டினேன்.

இந்தக் கல்லின் பெயர் சார்னோக்கைட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவில், புனித யோவான் ஆலய வளாகத்தில் இருக்கிறது. இதே வகையான அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தவர் 1893இல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கும் வைத்தார். ஆராய்ந்தவர் தாமஸ் ஹாலண்ட். அவரும் ஒரு தாமஸ்தான், பாருங்கள்!

பாறைக் குழம்பு ஆறி இறுகிய தீப்பாறை இது என்றார் ஹாலண்ட். பின்னால் வந்தவர்கள் பலர், இல்லை, உருமாறிய பாறை என்றார்கள். அவர்கள் சொல்கிறபடி, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்கு 20 கிலோமீட்டர் கீழே, 700 டிகிரிக்கும் மேலான சூட்டில், தலைக்குமேல் மலைகளின் பாரத்தோடு கிடந்திருக்கிறது. அப்படியும் முழுக்க உருகி ஓடவில்லை. கெட்டியாக இருந்தபடியே, உள்ளிருந்த நீர்ப்பசை போய், பழைய கனிமங்கள் கலைந்து புதியவையாகக் கூடின. பிறகு மேலே இருந்ததையெல்லாம் மழையும் காற்றும் அரித்து அரித்து, இது வெளிச்சத்துக்கு வந்தது.

அப்படி அரிபடும் மணல் சும்மா போகாது. ஆற்றோடு கடலுக்குப் போய், அடுக்கடுக்காகப் படிந்து, இறுகிப் படிவுப்பாறையாகும். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கடற்சிப்பிகள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. உங்கள் வீட்டுச் சிமெண்டில்கூட அந்தச் சிப்பி கலந்திருக்கலாம்.

கல் மாறவே இவ்வளவு காலம் ஆகிறது. இப்போது நற்செய்திக்கு வருவோம். உயிர்த்த ஆண்டவரின் தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று தோமா சொன்னதும் ஆண்டவர் உடனே வந்துவிடவில்லை. எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் மற்றச் சீடர்கள் அவரை வெளியே தள்ளவில்லை; ஆண்டவர் வரும்போது தோமா அவர்களோடுதான் இருந்தார். நமக்கு அந்தப் பொறுமை உண்டா? இரண்டு ஞாயிறு திருப்பலிக்கு வராதவனைப் பற்றி, "அவன் அவ்வளவுதான்" என்று முடித்துவிடுகிறோம். துக்க வீட்டில் போய், புடம் போட்டால்தான் பொன் என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், அதற்காக வெட்கப்படுகிறேன். அழுகிறவரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அவர் பக்கத்தில் எட்டு நாள் உட்கார்ந்திருக்கலாம்.

ஆண்டவரோ தழும்புகளை மறைத்துக்கொண்டு வரவில்லை. புதிய உடல், பழைய காயம். அதைத்தான் நீட்டினார்.

அந்தச் சிறுமி இன்றைக்கும் வந்திருக்கிறாள். இல்லம்மா, அந்தக் கல் எப்பவும் இப்படி இருக்கல. இப்பவும் மாறிக்கிட்டுத்தான் இருக்கு. நீ ஏறி வந்த படியில நடுவுல தேஞ்சிருக்கே, இறங்கும்போது பாரு.

எழுந்து நின்று, நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.