முதலில் தெரிந்தவள்மேல் விழும் பழி

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகிற சாலையில் இருக்கிறது எலப்புள்ளி. வடக்கே வாளையாறு, கிழக்கே போனால் தமிழ்நாட்டு எல்லை. தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகிற வட்டாரம். இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வேண்டுமென்றால் கேரளத்தில் ‘ஜ்யோதிஸ்’ மையம், எல்லை தாண்டினால் ‘நம்பிக்கை மையம்’. இரண்டிலும் காசு வாங்குவதில்லை. ரிசல்ட்டை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் கால் தயங்குகிறது. அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டால் போதும். ரிசல்ட் நெகடிவ் என்றே வந்தாலும், “அவ அங்க எதுக்குப் போனா?” என்ற கேள்வி ஊருக்குள் வந்துவிடும்.

இப்படிப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவளைப் பொறுப்பில்லாதவள் என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்பவர்களின் வாதம் லேசானதல்ல. சிகிச்சை இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. முறையாக மருந்து எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மருந்தும் அரசு மையத்தில் இலவசம், பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது துணைக்குத் தொற்றாது. இவ்வளவு வழி இருக்கும்போது தெரிந்துகொள்ளாமல் இருப்பது வயிற்றுப் பிள்ளைக்குச் செய்கிற அநீதி என்கிறார்கள். பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் இதற்கு மறுப்பில்லை.

ஆனால் யாருடைய ரத்தம் முதலில் எடுக்கப்படுகிறது? கர்ப்பம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனதும் சர்க்கரை, ரத்த அளவு பார்ப்பதோடு எச்.ஐ.வி. சோதனையும் செய்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியதுதான். கணவன் வெளியே பைக்கில் காத்திருக்கிறான். அவனைப் பெரும்பாலும் யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. ஆகவே நோய் வீட்டுக்குள் எந்த வழியாக வந்திருந்தாலும், பேப்பர் முதலில் அவள் பெயரில்தான் வருகிறது. யார் பெயரில் பேப்பர் வந்ததோ அவள்தான் நோயைக் கொண்டுவந்தவள் என்று வீடு முடிவுகட்டிவிடுகிறது. “என் மகனைக் கெடுத்துட்டா” என்று சொல்ல ஒரு மாமியாருக்கு வேறு ஆதாரம் தேவைப்படுவதில்லை. அடியோ, தாய் வீட்டுக்கு விரட்டுவதோ, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வதோ அடுத்து வரலாம். அவளுடைய பயம் அறியாமையில் பிறந்ததல்ல. நடந்தவற்றைப் பார்த்து வந்த பயம்.

இந்தக் கோணல் நம் நாட்டில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேகரித்தார். அவர்களில் பலர் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்ததில் ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. சாலமனும் நிர்மலாவும் செய்தது துணிச்சலான, மதிக்கத்தக்க வேலை. ஆனால் அந்தப் பெண்களிடம் போய்வந்த ஆண்களை யாரும் அடைத்து வைத்திருக்கவில்லை, அன்று சேகரித்ததில் அவர்கள் ரத்தம் இருக்கவுமில்லை. நோய்க்கு ஊர் மனதில் விழுந்த முதல் முகம் பெண்ணின் முகமாகிவிட்டது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, கணவர் மூலம் தொற்று வந்ததை வெளிப்படையாகச் சொல்லி, 1998-இல் தொற்றுள்ள பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கியபோது அந்த முகத்தைத்தான் எதிர்த்து நின்றார்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டபோது தமிழ்நாடே பதறியது. அந்தப் பதற்றம் நியாயம். ஆனால் ‘ஒரு தப்பும் செய்யாதவளுக்கு’ என்று அன்று பலமுறை கேட்ட சொல்லுக்குள், மற்றவர்களெல்லாம் தப்பு செய்து வாங்கிக்கொண்டவர்கள் என்ற தீர்ப்பும் சேர்ந்தே இருந்தது. அந்தத் தீர்ப்பு இருக்கும்வரை எந்தப் பெண்ணும் நிம்மதியாகப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கமாட்டாள்.

கணவனுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா என்ற கேள்வி இன்னும் கடினமானது. இருக்கிறது. தொற்று அவன் உடம்பிலும் இருக்கலாம், அவனுக்கும் சிகிச்சை வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், துணைக்கு ஆபத்து இருந்தால் மருத்துவரோ கவுன்சலரோ அவருக்குத் தெரிவிக்க இடம் தருகிறது. அதே பிரிவில், தொற்றுள்ளவர் அடி உதைக்கோ கைவிடப்படுவதற்கோ ஆளாவார் என்ற நியாயமான அச்சம் இருக்கும்போது, குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது என்றும் தடுக்கிறது. சட்டம் இங்கே சரியான பக்கம் நிற்கிறது. மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்து, வீடு தூங்கின பிறகு விழுங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். அதை வஞ்சகம் என்று சொல்ல மனம் வராது. அந்த மாத்திரையே, இன்னும் தொற்றாத கணவனையும் பிள்ளையையும் காக்கிறது. அவன் காதில் விழ வேண்டியது கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான். அந்தத் தாமதம் பொறுக்கக்கூடியது; அவள் வீட்டை இழப்பது பொறுக்கக்கூடியதல்ல.

ஆகவே பரிசோதனை செய்துகொள்வது அவள் தனக்கும் பிள்ளைக்கும் செய்ய வேண்டியதுதான் என்றாலும், செய்யாதவளைக் கடிந்துகொள்ளும் தகுதி எல்லாருக்கும் இல்லை. ரிசல்ட்டை டீக்கடையில் பேசுகிற ஆஸ்பத்திரி ஊழியர், “அந்த வீட்டுத் தண்ணி வேண்டாம்” என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற அக்கம்பக்கத்தார் ஆகியோரின் குற்றம் அவளுடைய தயக்கத்தைவிடப் பெரியது. கர்ப்பிணியின் ரத்தம் எடுக்கிற அன்றே, பைக்கில் காத்திருக்கிற கணவனையும் கூப்பிட்டு, அவன் சம்மதத்தோடு, அதே அறையில் அவன் ரத்தத்தையும் எடுப்பதை வழக்கமாக்க வேண்டும். இரண்டு பேப்பரும் ஒன்றாக வந்தால், யார் கொண்டுவந்தது என்று கேட்கிற வீட்டில் விரலை நீட்ட ஒரே ஒரு ஆள் மட்டும் இருக்கமாட்டாள்.