புகழ் யாருக்கு உரியது?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்பவர்கள், மூடுபனியில் மறைந்தும் வெளிப்பட்டும் விளங்கும் சிகரத்தைக் கண்டு மகிழ்கிறார்கள். அதைத் தாங்கி நிற்கும் அடிவாரத்தை யாரும் புகழ்வதில்லை. அவ்வடிவாரத்தில், விதுராவில், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ளது. அங்கு கணிதம் பயிலும் இளைஞர்களும் சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அறிவைத் தேடுபவன் புகழை எவ்வாறு நோக்க வேண்டும்?

1904-இல் பிரெஞ்சு அறிஞர் புவான்காரே எழுப்பிய ஒரு கணிதப் புதிர், ஏறத்தாழ நூறாண்டுகள் விடையின்றி இருந்தது. ரஷ்யாவைச் சேர்ந்த கிரிகோரி பெரல்மான் 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளை இணையத்தில் வெளியிட்டு அதற்குத் தீர்வு கண்டார். 2006-இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கமும், 2010-இல் கிளே கணித நிறுவனத்தின் பத்து லட்சம் டாலர் பரிசும் அவருக்கு அறிவிக்கப்பட்டன. இரண்டையும் அவர் ஏற்கவில்லை.

மக்கள் ஆசையை உபநிஷதம் மூன்றாகப் பகுக்கிறது: பிள்ளைப்பேற்றில் ஆசை, செல்வத்தில் ஆசை, உலகங்களை அடையும் ஆசை. புகழாசையை இம்மூன்றாவதில் சேர்த்து 'லோகேஷணை' என்று கூறுவது வழக்கம். இதை வென்றவர் என்று பெரல்மானைச் சிலர் போற்றினர். விசித்திரமானவர் என்று சிலர் ஒதுக்கினர். ஆனால் பரிசை மறுத்தபோது அவர் கூறிய காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். இத்தீர்வில் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாமில்டனின் பங்கு தமது பங்கிற்குக் குறைந்ததல்ல என்றார் அவர். 1982-இல் ஹாமில்டன் வகுத்தளித்த வழியிலேயே பெரல்மான் சிகரத்தை அடைந்தார். அவருடைய மறுப்பில் வைராக்கியம் எவ்வளவு என்பதை நாம் அறியோம். நியாய உணர்வு இருந்தது என்பது தெளிவு.

இதில் ஒரு வியப்பும் உண்டு. அவர் விலக்கிய புகழ், விலக்கியதாலேயே பன்மடங்கு பெருகியது. அந்தக் கணிதத்தில் ஒரு வரியும் அறியாதவர்கள்கூட, பரிசை மறுத்தவர் என்று அவரை அறிவர். ஆகவே புகழ் வருவதும் போவதும் நம் வசத்தில் இல்லை. அதை ஏற்பதும் குற்றமாகாது. சென்னையில் பிறந்த எஸ்.ஆர். சீனிவாச வரதன் 2007-இல் ஏபெல் பரிசை ஏற்றுக்கொண்டார். அப்படியானால் நம் வசத்தில் இருப்பது எது? பிறர் பங்கை மறைக்காத உண்மை.

இதற்குக் கேரளமே சான்று. பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராம மாதவரின் கணித நூல்களில் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. ஆயினும் முடிவிலாத் தொடர்கள் பற்றிய அவரது கண்டுபிடிப்புகளை நாம் இன்று அறிகிறோம். அவரது மரபில் பின்வந்தவர்கள், 'இது மாதவர் கூறியது' என்று நேர்மையுடன் எழுதி வைத்ததே காரணம். அவர்கள் மௌனமாக இருந்திருந்தால், அந்தப் பெருமை அவர்களையே சேர்ந்திருக்கும்.

திருவள்ளுவர் 'புகழ்' என்னும் அதிகாரத்தை 'ஈகை'க்கு அடுத்து வைத்தார். பொருளை ஈவதைவிடப் பெருமையைப் பகிர்வது கடினம். நம்மை ஒருவர் பாராட்டும்போது, அதில் பங்குடைய மற்றொருவரின் பெயரை அங்கேயே, அப்போதே சொல்வோம். புகழைத் துறக்க இயலாத நம் போன்றவர்களும் இன்றே தொடங்கக்கூடிய சாதனை இது.