பழக்கமும் அன்பும்: கிறித்தவ ஒழுக்கத்தில் ஓர் அறவினா

நாள்தோறும் குறித்த வேளையில் மன்றாடுவதும், வருவாயில் ஒரு பங்கைத் தவறாமல் ஒதுக்குவதும், உறங்கச் செல்லுமுன் அன்றைய செயல்களை எண்ணிப் பார்ப்பதும் கிறித்தவ வாழ்வில் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வரும் ஒழுக்கங்களாகும். இவை பழகப் பழக எளிதாகின்றன. எளிதாகிவிட்ட செயலிலோ மனம் முழுமையாக ஊன்றுவதில்லை. அவ்வாறாயின், மனம் வேறெங்கோ இருக்கக் கை மட்டும் செய்யும் நற்செயலுக்கு அறமதிப்பு உண்டா என்னும் வினா எழுகிறது. உதட்டளவில் வணங்கி உள்ளத்தளவில் விலகி நின்றோரை இயேசு கடிந்துகொண்டதாக நற்செய்தி நூல்கள் கூறுவதால், கிறித்தவ அறவியல் இவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது.

இதற்கு விடை தேட ஓர் எடுத்துக்காட்டு உதவும். மிசோரமின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபைக் குடும்பங்களில் 1910ஆம் ஆண்டு முதல் கைப்பிடி அரிசிக் காணிக்கை வழக்கத்தில் உள்ளது. சோறாக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவதும், அவ்வாறு வீடுதோறும் சேர்ந்த அரிசியைத் திருச்சபைப் பெண்கள் திரட்டி விற்று அத்தொகையைத் திருப்பணிக்கு அளிப்பதும் இதன் முறையாகும். அரிசியைப் பிடித்து வைக்கும் பெண்ணின் கவனம் அவ்வேளையில் அடுப்பிலோ அழும் குழந்தையிடமோ இருக்கக்கூடும். ஆயினும் கொடுக்கலாமா வேண்டாமா என்னும் கேள்வி அவ்வீட்டில் என்றோ தீர்ந்துவிட்டது. உண்டு எஞ்சியதிலிருந்தன்றி, உலையில் இடுமுன்பே பிறர்க்குரியது பிரிக்கப்பட்டுவிடுகிறது. ஈகையானது ஈபவரின் அன்றைய மனநிலையை நம்பியிராதவாறு காப்பதே இங்குப் பழக்கம் ஆற்றும் அறப்பணியாகும்.

13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இக்கருத்துக்கு அடிப்படை வகுத்துத் தருகிறார். நற்பண்பு என்பது உள்ளத்தில் நிலைபெற்று, வேண்டும்போது செயலாக வெளிப்படும் இயல்பு என்பதும், நற்செயலைத் தடுமாற்றமின்றி மகிழ்வோடு செய்வதே அப்பண்பு வேரூன்றியதற்கு அடையாளம் என்பதும் அவர் கொள்கை. இதன்படி எளிமை அறத்தைக் குறைப்பதில்லை. எனினும் நற்பண்பு விருப்பத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. விருப்பத்தையே ஆளத் தொடங்கிவிட்ட பழக்கம் நற்பண்பு என்னும் பெயருக்கு உரியதன்று.

இவ்விரண்டையும் வேறுபடுத்தும் உரைகல் ஒன்றை 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் துறவியர்க்கு வகுத்த ஒழுங்குநூலில் காணலாம். மணி ஒலித்ததும் கைவேலையை அப்படியே விட்டுவிட்டு இறைவேண்டலுக்கு விரைய வேண்டும் எனக் கண்டிப்பாக விதிக்கும் அந்நூலே, விருந்தினர் வரும்போது மடத்தின் தலைவர் அவர்பொருட்டுத் தம் நோன்பை முறிக்கலாம் என்கிறது. ஆனால் அவ்விலக்கு தலைவர்க்கு மட்டுமே உரியது. ஏனைய துறவியர் தம் நோன்பைத் தொடர்வர். மீறலாகாத சிறப்பு நோன்பு நாள்களில் தலைவர்க்கும் இவ்விலக்கு இல்லை. லூக்கா நற்செய்தியும் ஓய்வுநாளில் தொழுகைக்கூடம் செல்வது இயேசுவின் வழக்கம் எனக் குறிப்பிடுவதோடு, அத்தகைய ஓய்வுநாள் ஒன்றில் தொழுகைக்கூடத்திலேயே கை சூம்பிய ஒருவரை அவர் குணமாக்கியதையும், அது மறைநூல் அறிஞரின் சினத்தைக் கிளறியதையும் பதிவு செய்கிறது. பிறர் தேவை எழும்போது பழக்கம் அன்புக்கு வழிவிடுகிறதா என்பதே அவ்வுரைகல்.

அன்பின் பெயரால் விலக்கு அளிக்கத் தொடங்கினால் சோம்பலும் அன்பின் வேடம் பூண்டு வரும் என்னும் தடை நியாயமானதே. அதற்குரிய விடையும் மேற்கூறிய ஒழுங்கிலேயே அடங்கியுள்ளது. பிறர் தேவைக்காக இன்றைய நோன்பை விடுபவர் ஒழுக்கத்தின் நோக்கத்தையே நிறைவேற்றுகிறார். தம் வசதிக்காக விடுபவர் அதனைக் கைவிடுகிறார். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியுமாதலால், முறிவினால் பயனடைந்தவர் யார் என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் நேர்மையாகக் கேட்டறிய வேண்டியுள்ளது. உறங்குமுன் அன்றைய செயல்களை எண்ணிப் பார்க்கும் ஒழுக்கம் பிற பழக்கங்களைப் போலத் தானும் சடங்காகிவிடாமல் இருக்க வேண்டுமெனில், கடைப்பிடித்தவற்றைக் கணக்கிடுவதோடு நில்லாமல் இக்கேள்வியையும் அது நாள்தோறும் எழுப்பியாக வேண்டும்.